மாப்பிள்ளைக்குப் போட்ட மூன்று

1

ஹெலன் அம்மையாரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. பயிற்சி முடிந்து ஓர் ஆண்டு ஆகிறதாம். இந்த ஓர் ஆண்டில் ஒரு தலைவராக உங்களிடம் ஏற்பட்ட மூன்று மாற்றங்களைக் குறிப்பிடவும் என்று கேட்டு, கீழே மூன்று கட்டங்கள் போட்டிருக்கிறார். நாலு நாளாக அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். அந்தக் கட்டங்களுக்குள் அடங்காததை ஊர்க்காரர்களுக்காவது எழுதி வைப்போம் என்றுதான் இதை ஆரம்பித்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: சிக்கல் என்ற ஊருக்குத் தெற்கே நாலு மைலில் உள்ள கரிசல் ஊர்தான் எனக்கு. மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேலம். முதுகுளத்தூரில் பத்தாவது வரை படித்தேன். 1984-இல் ஏ.சி. வேலைக்கு எடுபிடியாக ஷார்ஜா வந்தேன். கட்டடங்களுக்கு ஏ.சி. பராமரிப்பு செய்யும் கம்பெனி. இருபத்தைந்து வருஷம் ஒரே கம்பெனி. இப்போது சூப்பர்வைசர், எனக்குக் கீழே நாற்பத்து மூன்று பேர். சொல்லப்போனால் இருந்தார்கள்.

2

போன வருஷம் எங்கள் கம்பெனிக்குத் திடீரென்று ஒரு ஞானம் வந்தது. சூப்பர்வைசர்கள் எல்லாரும் தலைவர்களாக மாற வேண்டும் என்றார்கள். அதற்காக ஒரு கோச் வருகிறார் என்றார்கள். கோச் என்றால் கபடிக்கு விசில் ஊதுகிறவர் என்றுதான் எனக்குத் தெரியும். வந்தவர்தான் இந்த ஹெலன் அம்மையார், அறுபது வயது வெள்ளைக்கார அம்மா. கழுத்தில் மணிமாலை, கையில் பென்சில். ஆளுக்கு ஆறு முறை, முறைக்கு ஒரு மணி நேரம்.

அந்த அம்மாவிடம் ஒரு வழக்கம். நாம் எதைக் கேட்டாலும் பதில் சொல்லமாட்டார், திருப்பிக் கேட்பார். "லீவு கேட்டு ஒரே நாளில் நாலு பேர் வந்தால் யாருக்குக் கொடுப்பது?" என்று கேட்டேன். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றார். நான் நினைப்பதைச் செய்வதற்கு இவர் எதற்கு என்று எரிச்சலாக வந்தது. ஆனால் கெட்டிக்காரி. மூன்றாவது முறை வந்தபோது என்னோடு ஒரு நாள் முழுக்க வேலை நடக்கும் இடத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். சாயங்காலம் கேட்டார்: "உயரமாக ஒருவர் இருக்கிறாரே, அவரிடம் மட்டும் நீங்கள் ஏன் நேராகப் பேசுவதில்லை? சுவரைப் பார்த்துப் பேசுகிறீர்கள்."

அந்த உயரமானவர் முருகேசன். என் தங்கை பஞ்சவர்ணத்தின் புருஷன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூடப்பிறந்தவளைக் கட்டியவர் வந்தால் எழுந்திருக்க வேண்டும், வாங்க போங்க என்க வேண்டும். அவரைக் கூப்பிட்டு "அந்த ஏணியைத் தூக்கு" என்று எப்படிச் சொல்வது? 1998-இல் நான்தான் விசா எடுத்து அவரை வரவழைத்தேன். வந்த முதல் நாளிலிருந்து எனக்கு இதே அவஸ்தை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். பொதுவாகச் சொல்வேன். "மூணாவது மாடி மெஷினு சத்தம் போடுதாம்ல" என்பேன், யாரிடமும் இல்லாமல். முருகேசன் பையை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போய்விடுவார். அரை மணியில் சத்தம் நின்றுவிடும்.

ஹெலன் அம்மையார் இதைத் தம் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். மறைமுகமாகப் பேசுவது என் குறையாம். நேராகப் பேசப் பழக வேண்டுமாம். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

3

முருகேசனின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இங்கே இருக்கும்போது சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

மற்றவர்கள் மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். இவர் நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற மெஷின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம் சொல்வார், எந்தப் பேரிங் போயிருக்கிறது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று. ஒரு ஓட்டலில் கூரைமேல் இருந்த பெரிய மெஷின் ஆவணி மாத வெயிலில் நின்றுபோனது. மெஷினைச் செய்த கம்பெனிக்காரனே வந்து, புது மெஷின்தான் மாட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். முருகேசன் காலை முதல் மத்தியானம் வரை அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். பிறகு எழுந்து ஒரு வால்வை மட்டும் மாற்றினார். ஓடியது. ஓட்டல் மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்கள் ஆள் அருமையான ஆள்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏதோ செய்வாப்ல சார்" என்று அர்த்தம் வருகிற மாதிரி இங்கிலீஷில் ஒன்றைச் சொன்னேன். முருகேசன் பக்கத்தில்தான் நின்றார். சிரித்தார். சந்தோஷமாகத்தான் சிரித்தார். நம் ஆளை நாமே மெச்சுவதில்லை என்பது அவருக்குத் தெரியாதா? நான் "ஏதோ" என்றால் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினோரு வருஷம் எங்களுக்குள் அப்படியே ஓடியது.

4

பஞ்சவர்ணத்தின் கல்யாணம் ஊரில் பந்தல் போட்டு நடந்தது. சிக்கலிலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் வந்த சனம் எதிர்பார்த்ததைவிட அதிகம். சித்தப்பா மக்கள், பெரியப்பா மக்கள் எல்லாரையும் எங்கள் அய்யா பந்தியில் உட்கார விடவில்லை. "ஏலே, நம்ம பயலுக எல்லாம் அங்கன நில்லுங்க, வந்தவுக சாப்பிடட்டும்" என்று விரட்டிக்கொண்டே இருந்தார். கடைசிப் பந்தியில் எங்களுக்குச் சோறும் ரசமும்தான் மிச்சம். அப்பளம்கூட இல்லை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கடைசிப் பந்தியில் உட்கார்கிறவன்தான் அந்த வீட்டுக்காரன் என்பது எங்களுக்குப் பெருமை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டிசம்பர் மாதம் மதிப்பீட்டுப் படிவம் வந்தது. பயிற்சியின் பலனைச் சோதிப்பதற்காக முதல் முறையாக எங்கள் கையில் கொடுத்தார்கள். நாற்பத்து மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பக்கம். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கடைசிப் பக்கம் எனக்கு நானே போட்டுக்கொள்ள வேண்டியது.

வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போட்டேன். பாலக்காட்டு பாபுவுக்கு ஐந்து. பஞ்சாப்காரருக்கு ஐந்து. நேபாளத்துப் பையன் தீபக் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, பரவாயில்லை, வளரட்டும் என்று நாலு. முருகேசன் பக்கம் வந்தபோது பேனா தானாகவே மூன்றில் நின்றது. நான் யோசிக்கக்கூட இல்லை. ஐந்து போட்டால் பார்க்கிறவன் என்ன சொல்வான்? மச்சினனுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டான் என்பான். அதோடு மூன்று என்பது எனக்குக் குறைச்சலாகவே தெரியவில்லை. ஐந்துக்கு மூன்று என்றால் நூற்றுக்கு அறுபது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அறுபது எடுத்தால் முதல் வகுப்பு. முப்பத்தைந்துக்குத் தவம் கிடந்தவர்கள் நாங்கள். எனக்கு நான் இரண்டு போட்டுக்கொண்டேன்.

முடித்தபோது மனசு நிறைவாக இருந்தது. வீட்டுக்காரன் மாதிரி நடந்துகொண்டோம் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

அதே மேசையில் எதிரே என் மகள் உட்கார்ந்து பள்ளிக்கூடப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள், பிறந்ததே இங்கேதான். அதிலும் தன்னைத் தானே மதிப்பிட வேண்டும். எல்லாவற்றிலும் 'மிகச் சிறப்பு' என்று டிக் அடித்துக்கொண்டே போனாள்.

"நீயே போட்டுக்கலாமா?" என்றேன்.

"நான் போடலைன்னா வேற யாருப்பா போடுவா?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

இந்தப் பிள்ளைக்கு வெட்கமே இல்லையே என்று அவள் அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

5

அடுத்த மாதங்களில் இங்கே நடந்தது உங்களுக்குச் செய்தித்தாளில் தெரிந்திருக்கும். பண நெருக்கடியில் பாதி எழும்பிய கட்டடங்கள் அப்படியே நின்றன. கட்டடம் இல்லை என்றால் ஏ.சி. இல்லை. ஒரு திங்கட்கிழமை பட்டியல் வந்தது. மதிப்பீட்டில் மூன்றும் அதற்குக் கீழும் வாங்கியவர்கள். என் பிரிவில் எட்டுப் பேர். இரண்டாவது பெயர் முருகேசன்.

நிர்வாகப் பிரிவில் இருப்பது சென்னைப் பையன் ஒருவன், நல்ல பிள்ளை. அவன் மேசைக்கு ஓடினேன்.

"தம்பி, இது தப்பா போட்டது. அவருக்கு அஞ்சு போடணும்."

"சார், சிஸ்டம் லாக் ஆயிடுச்சு. டிசம்பர்லயே."

"திறக்க முடியாதா?"

"திறக்கணும்னா நீங்க எழுதிக் கொடுக்கணும், தெரிஞ்சே தப்பா போட்டேன்னு. அப்புறம் நாற்பத்து மூணு ஷீட்டையும் திரும்பப் பார்ப்பாங்க. பரவாயில்லையா?" கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்துக்கொண்டு, "அவரை எடுத்தா எட்டு ஏழாயிடும் சார். நம்ம பிரிவுல எட்டுப் பேரை எடுத்தாகணும், எட்டாவது யாருன்னும் நீங்கதான் சொல்லணும். அடுத்து இருக்கிறது தீபக். போன மாசம்தான் அவனுக்குக் குழந்தை பிறந்துது, ஸ்வீட் கொடுத்தான்" என்றான்.

அந்த மிட்டாயை நானும் தின்றிருந்தேன்.

எழுந்திருக்கும்போது கேட்டேன், "எனக்கு நான் ரெண்டு போட்டிருந்தேனே, என் பேரு ஏன் இல்லை?"

அவன் திரையைப் பார்த்தான். "உங்க மேனேஜர் நாலா மாத்திட்டார் சார். 'அடக்கமானவர்'னு பக்கத்துல எழுதியிருக்கார்."

எனக்கு மேலே இருந்தவர் என் எண்ணைத் திருத்திவிட்டார். முருகேசனுக்கு மேலே இருந்தவன் நான்தான்.

மீதி ஏழு பேரையும் நான்தான் அனுப்பினேன். அவர்களுக்கும் மனைவி மக்கள் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு இவரைப் பற்றியே எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது. என்ன செய்ய.

6

தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்று ஹெலன் அம்மையார் சொல்லியிருந்தார். கூப்பிட்டேன், நேரிலேயே வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதில் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது எது?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். "எப்படிச் சொல்லப்போகிறீர்கள் என்பது இருக்கிறதே" என்றார். கெட்ட செய்தியை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது, காரணத்தை மறைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். பழகிக்கொள்வோம், நான்தான் முருகேசன், என்னிடம் சொல்லுங்கள் என்று எதிரே உட்கார்ந்துகொண்டார். மணிமாலை போட்ட முருகேசனைப் பார்த்து எனக்குப் பேச்சு வரவில்லை. அவரும் நோட்டை மூடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வீட்டில் வைத்த கறிக்குழம்பைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்புக்குப் போனேன். முருகேசன் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கூட இருப்பவர்கள் வெளியே போயிருந்தார்கள். முதல் வாக்கியம் என்று அந்த அம்மா சொன்னது காதில் இருந்தது.

"மாப்ள, சாப்ட்டீகளா?" என்றேன்.

"இப்பத்தான் மச்சான். உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஊர் மழையைப் பற்றிப் பேசினோம். பஞ்சவர்ணத்துக்கு மூட்டுவலி என்றார். பிறகுதான் சொன்னேன்.

"லிஸ்ட்டு வந்துருச்சு மாப்ள."

"கேள்விப்பட்டேன்."

"உங்க பேரும் இருக்கு."

மடித்த சட்டையை வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார். "சரி மச்சான். எல்லாருக்கும் உள்ளதுதானே. எதை வச்சு எடுத்தாக?"

கம்பெனி எடுத்தது என்று சொல்லியிருக்கலாம். நேர்மை, நேர்மை என்று ஆறு முறை பயிற்சி கொடுத்திருந்தார்களே.

"நான் போட்ட மார்க்க வச்சு."

"எம்புட்டுப் போட்டீக?"

"மூணு."

"அஞ்சுக்கா?"

"அஞ்சுக்கு."

சட்டையின் கையை நீவி மடித்தார். "பாபுவுக்கு?"

"அஞ்சு."

விளக்கினேன். நம்ம ஆளுக்கு நாமே போட்டா நல்லாவா இருக்கும், மூணுன்னா குறைச்சல்னு நான் நினைக்கல, இதை வச்சு ஆளை எடுப்பாங்கன்னு சத்தியமா தெரியாது என்று என்னென்னவோ சொன்னேன். கடைசியாக, "மாப்ள, இந்தக் கம்பெனியிலயே நீங்கதான் பெரிய வேலைக்காரரு" என்றேன். பதினோரு வருஷத்தில் முதல் முறை.

முருகேசன் சிரித்தார். துக்கவீட்டுக்கு வந்தவர்கள் ஆறுதல் சொல்லும்போது வீட்டுக்காரர் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"அத விடுங்க மச்சான். இப்ப எதுக்கு அதெல்லாம்."

நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "மச்சான், ஒண்ணு கேக்கணும். அந்த ஓட்டல் மெஷினு இருக்குல்ல, கூரை மேல. அதுல நான் எதும் தப்பா மாட்டிட்டனா? நீங்க மாப்ளன்னு சொல்லாம விட்டுட்டீகளோண்டு கேக்குறேன்."

இல்லை என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று நினைவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நம்பவில்லை.

7

விசா ரத்து, விரல் ரேகை, கையெழுத்து என்று பன்னிரண்டு நாளில் அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு தாளிலும் 'மேற்பார்வையாளர்' என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். "முருகேசன் அங்கிள் போயிட்டாரா?" என்று மகள் கேட்டாள். மாமா என்று சொல்லு என்று பல தடவை சொல்லியும் அவளுக்கு அங்கிள்தான். நடந்ததைச் சொன்னேன். "நீங்க அவருக்கு ஃபைவ் குடுத்திருக்கலாமேப்பா" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனி மாதம் பஞ்சவர்ணம் போன் செய்தாள்.

"அண்ணே, இவுக ஒண்ணும் வெளங்காம இருக்காக. பக்கத்து வீட்டுல பிரிட்ஜு நின்னுபோச்சுண்டு கூப்புட்டாக. 'எனக்கு அம்புட்டு வராது, பரமக்குடியில இருந்து ஆள வரச்சொல்லுங்க'ண்டு சொல்லிட்டாக. பதினோரு வருசம் அதைத்தானே பாத்தாக? கொண்டாந்த சாமான் பையை இன்னும் பிரிக்கவே இல்ல. மொளகாக் காட்டுக்குப் போறாக, வாராக. பேச்சே இல்ல. நீங்க சொன்னா கேப்பாக, ஒரு வார்த்தை சொல்லுங்க."

போனை அவரிடம் கொடுத்தாள். சொன்னேன். "சரி மச்சான்" என்றார். நான் எதைச் சொன்னாலும் சரி மச்சான்தான்.

அவருக்கு வேலை போனதற்கு நான் அவ்வளவு பயப்படவில்லை. வேலை வரும், போகும். ஆனால் தனக்கு இந்தத் தொழில் தெரியும் என்ற நினைப்பையே அந்த மனுஷனிடமிருந்து பிடுங்கிவிட்டேன். அதை மட்டும் எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று லீவு போட்டு ஊருக்குப் போனேன்.

8

பரமக்குடியில் சிக்கந்தர் பாய் ஏ.சி., பிரிட்ஜ் கடை வைத்திருக்கிறார். அவரும் அரபு நாட்டில் இருபது வருஷம் இருந்து திரும்பியவர், சொந்த ஊர் கடற்கரைப் பக்கம். நல்ல ஆள் கிடைக்காமல் தவிக்கிறார் என்று கேள்விப்பட்டு, முருகேசனை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு நோக்கம் வேறு. நாலு பேர் முன்னால், அவர் காதில் விழும்படி, நேராகச் சொல்ல வேண்டும். விமானத்திலேயே வாக்கியத்தைத் தயார் செய்திருந்தேன்: எங்கள் கம்பெனியில் இவரைப் போல வேலை தெரிந்தவர் யாரும் கிடையாது.

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாய் எழுந்து, "வாங்க, வாங்க, எப்ப வந்தீங்க?" என்று நாற்காலி இழுத்துப் போட்டார். நலம் விசாரித்த பிறகு முருகேசனைப் பார்த்தார்.

"மச்சினரு தானே? வேலையெல்லாம் நல்லாப் பாப்பாகளா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். முருகேசனும் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"ஏதோ பாப்பாப்ல பாய். நீங்கதான் இங்கன வச்சு கொஞ்சம் சொல்லிக் குடுக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. ஐம்பது வருஷமாகப் பழகிய நாக்கு.

பாய் கலகலவென்று சிரித்தார். "நீங்க இப்படிச் சொன்னா எனக்குப் புரியாதா? அப்ப பெரிய வேலைக்காரராத்தான் இருப்பாரு. திங்கக்கிழமை வந்துருங்க தம்பி, இன்ஷா அல்லாஹ் ஆரம்பிச்சுருவோம்."

முருகேசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இல்ல பாய். எனக்கு அந்த அளவுக்கு வராது. மச்சான் சரியாத்தான் சொல்றாரு."

பாய் என்னைப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன். "பாய், அப்படி இல்ல, நம்பாதீங்க. இவரு மாதிரி வேலைக்காரன் எங்க கம்பெனியிலயே கிடையாது. காதுல வச்சே சொல்லிருவாரு. கம்பெனிக்காரனே கைவிட்டதை ஓட வச்சவரு. நான் அவருக்குக் கீழ இருந்திருக்கணும்" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. டீ குடித்தவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்கள்.

பாயின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சொந்த மச்சினனை ஒருத்தன் இந்த அளவுக்குத் தூக்கிப் பேசினால் அதில் ஏதோ இருக்கிறது என்று அவர் நினைத்தார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"சரி, பாப்போம்" என்றார் பாய். "யோசிச்சுச் சொல்லிவிடுறேன்."

நான் திரும்பியபோது முருகேசன் படி இறங்கியிருந்தார். எனக்காகப் பரிதாபப்படுகிறவரைப் போல மெதுவாகச் சொன்னார்.

"வாங்க மச்சான், பஸ் வந்துரும். நமக்காக இம்புட்டுப் பொய் சொல்ல வேணாம்."